பழுதுப் பெட்டி

மார்க்கம் வீதி நூலகத்தின் நிலவறையில்
செவ்வாயும் வெள்ளியும் எனக்கு வேலை,
கிழிந்து வரும் புத்தகங்களை ஒட்டுவது.

சமையல் புத்தகங்களில் எண்ணெய் இருக்கும்.
துப்பறியும் கதைகளில் கோப்பி வட்டம்.
பிள்ளைகளின் புத்தகங்களில் எல்லாமே:
பல் தடம், பிஸ்கட் தூள்,
ஒருமுறை காய்ந்த தக்காளி சோஸ்.
இரத்தம் என்று நினைத்துக்
கையை இழுத்துக்கொண்டேன்.

இப்போது அகதிகளின் படக்கதைகள் நிறைய வருகின்றன.
மொத்தம் முப்பத்திரண்டு பக்கம்.
நாலில் வானம் சிவக்கும்.
ஆறில் ஒரு பொம்மையை விட்டுவிட்டு ஓடுவார்கள்.
கடலுக்கு, விரித்த இரண்டு பக்கம்.
முப்பதில் வீடு கிடைத்துவிடும்,
ஜன்னலில் மஞ்சள் வெளிச்சத்தோடு.
மிச்சம் இரண்டும் பூனைக்கு.

பழிக்கவில்லை.
எந்தப் பக்கத்தில் பிள்ளைகள் நின்றார்கள் என்று
கிழிசல் எனக்குச் சொல்லிவிடும்.
குண்டு விழும் பக்கம் புதுசுபோல இருக்கிறது.
பொம்மையை விட்ட பக்கம்தான்
மடிப்பில் நூல் விட்டுத் தொங்குகிறது.

என் கதையில் கடல் இல்லை.
ஏஜென்ட் எங்களை லோமேயில் இறக்கிவிட்டுப் போனான்.
பதினொரு மாதம், ஒன்பது பேர், ஒரே அறை,
விலக்கக் கூடாத ஒரு திரைச்சீலை.
யாராவது வரைந்தால்
முப்பத்திரண்டு பக்கமும் அதே பச்சைத் துணி,
அதில் அச்சடித்த அன்னாசிகள்,
எண்ணியிருக்கிறேன், இருநூற்றுப் பதினாறு.
எந்தப் பிள்ளை பக்கம் புரட்டும்?

எட்டுப் பேர்தான் விமானம் ஏறினோம்.
தவரூபன்
பாண் வாங்கக் கீழே இறங்கினவன்.

வீடு எனக்குப் பதினான்காவது வருடத்தில் வந்தது.
அதுவும் நிலவறைதான்.
ஜன்னலில் தெரிவது அடுத்தவரின் கார்ச் சக்கரம்.

மாசி மாதத்து வெள்ளி,
வெளியே பனி வழிக்கும் வண்டியின் இரைச்சல்.
பெட்டியில் ஒரு நீல அட்டைப் புத்தகம்,
முதுகு விட்டிருந்தது.
பசை தடவக் கடலை விரித்தேன்.
படகில் அச்சடித்தவர்கள் ஏழு பேர்.
எட்டாவதாய் ஒருவர்,
பென்சிலில்,
விளிம்போடு நெருக்கிக்கொண்டு இருந்தார்.
உருண்டைத் தலை, குச்சிக் கை,
மீசையை மட்டும்
மிகக் கவனமாய் வரைந்திருந்தது யாரோ ஒரு பிள்ளை.

பென்சில் என்றால் அழி,
பேனா என்றால் தள்ளுபடி அடுக்கு.
லொரெய்ன் சுவரில் ஒட்டி வைத்த விதி இது.
அழிறப்பரை எடுத்தேன்.
அலைக்கு மேலே கிறுக்கியிருந்த ஒரு மீன்
முதலில் போனது.
மீசைக்கு ஒரு விரல் தள்ளி
கை நின்றுவிட்டது.

படிவத்தில் எழுதினேன்:
முதுகு ஒட்டப்பட்டது. வேறு சேதம் இல்லை.

மூன்று கிழமையில் திரும்பி வந்தது.
வேறு கை, வேறு அழுத்தம்,
ஒன்பதாவது ஆளுக்கு நீளப் பாவாடை.
சித்திரையில் ஒரு ஆடு.
வைகாசியில் உருவம் இல்லை, ஒரு சொல் மட்டும்,
எனக்குத் தெரியாத எழுத்தில்.
ஃபடூமாவிடம் காட்டினேன்,
அவளுக்கும் தெரியவில்லை.
"ஆளாய்த்தான் இருக்கும், படகுக்குள்ளே எழுதியிருக்கிறதே" என்றாள்.

நேற்று அவள் சாப்பிடப் போன நேரம்
பென்சிலைக் கூராக்கினேன்.
எனக்கு வரைய வராது.
ஆட்டுக்குப் பின்னால் ஒரு இடுக்கு இருந்தது.
தலை பெரிதாகிவிட்டது,
கால்களுக்கு இடம் போதவில்லை.
கக்கத்தில் ஒரு நீளப் பாண் வைத்தேன்.

எட்டப் பிடித்துப் பார்த்தேன்.
இத்தனை பேர் ஏறியும்
படகு ஒரு நூல்கூடத் தாழவில்லை.
பாண் மட்டும்
என் விரல் பட்டுக்
கொஞ்சம் கரிந்து போயிருந்தது.